ஒரே ஒரு ஓட்டில் பிழைத்த ஏரி

மிசிசிப்பி பிறக்கும் இடாஸ்கா ஏரிக்கரையில் குடும்பத்தோடு ஒரு கோடைப் பயணம்

மிசிசிப்பி ஆற்றை நடந்தே கடக்கலாம். படகு வேண்டாம், பாலம் வேண்டாம், நீச்சலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினால் போதும். பத்து மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு ஓடி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் அந்தப் பேராறு, மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே இடாஸ்கா ஏரியிலிருந்து புறப்படும் இடத்தில் நம்மூர்ப் பாசன வாய்க்கால் அகலம்தான். இருபது முப்பது அடி இருக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தாய்மார்கள் அக்கரை போய் வருகிறார்கள்.

இந்த ஏரியும் இதைச் சுற்றிக் கிடக்கும் 32,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடும் சேர்ந்ததுதான் இடாஸ்கா மாநிலப் பூங்கா. மின்னசோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா இது. உள்ளே மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் வரை வந்து போகிறார்கள். ஆனாலும், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் பெற்றோர்களின் பட்டியலில் இதன் பெயர் இருப்பதில்லை. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை, வாஷிங்டனில் வெள்ளை மாளிகை, ஃபுளோரிடாவில் டிஸ்னி, கட்டாயம் நயாகரா. ஊர் திரும்பினால் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்கப்படுவது நயாகரா பார்த்தாயிற்றா என்பதுதான்.

அந்த நயாகராவே ஒரு மாநிலப் பூங்கா என்பது போய் வந்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அருவிக்கரையைத் தனியார் வளைத்துப் போட்டுக் காசு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1885-ல், நியூயார்க் மாநிலம் அந்த இடத்தைப் பொதுமக்களுக்காக எடுத்துக்கொண்டது. ஆறு ஆண்டுகள் கழித்து மின்னசோட்டா இடாஸ்காவை எடுத்துக்கொண்டது. நாம் 'அமெரிக்க இயற்கை' என்று படம் பிடித்துவரும் இடங்களில் பல இப்படி யாரோ முனைந்து, சட்டம் போட்டு, பொதுவில் நிறுத்தியவை. அழகு தானாக அமைந்தது. அதை எல்லோரும் பார்க்க முடிகிற நிலைமை தானாக அமையவில்லை. இடாஸ்காவின் கதை அதற்குத் துல்லியமான சான்று.

காருக்கு 7 டாலர்

மின்னபோலிஸ் நகரத்திலிருந்து இடாஸ்கா சுமார் 220 மைல். நான்கு மணி நேரப் பயணம். என் மகள் குடும்பம் நகரை ஒட்டிய புறநகரில் இருக்கிறது. ஒரு ஜூன் மாத வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் ஏறிய பிறகு கூடாரத்துக்கும் படுக்கைக்கும் காரில் இடம் தேட வேண்டியிருந்தது.

மின்னசோட்டாவின் கார் நம்பர் பிளேட்டுகளில் '10,000 ஏரிகள்' என்று எழுதியிருக்கும். அடக்கமாகத்தான் சொல்கிறார்கள். 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை எண்ணினால் 11,842 வருகிறது. வழியெல்லாம் சோளக்காடும் சோயா வயலும் முடிந்து, பைன் மரங்கள் சாலையை நெருக்கத் தொடங்கும்போது, மரங்களுக்கு இடையே தண்ணீர் மின்னி மின்னி மறைகிறது.

நாங்கள் போனபோது பூங்கா வாசலில் ஒரு நாள் அனுமதிக்கு 7 டாலர். ஆண்டுக்கு 35 டாலர். ஆள் கணக்குக் கிடையாது, காருக்குத்தான் கட்டணம். உள்ளே ஒருவர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் அதே தொகை. ஆண்டு அனுமதி வாங்கிவிட்டால் மின்னசோட்டாவில் உள்ள 70-க்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்களுக்கும் பொழுதுபோக்கு இடங்களுக்கும் அதுவே செல்லும். "மாமா, டிஸ்னியில ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஆகுற செலவுல இங்க மொத்தக் குடும்பமும் வருஷம் பூரா சுத்தலாம்" என்றார் மாப்பிள்ளை, ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே.

ஆறு தொடங்கும் இடம்

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் காட்டுப் பாதையில் நடந்தால் ஏரி திடீரென்று விரிகிறது. அதன் வடக்கு முனையில் கரைக்கல் அடுக்கியதுபோல உருண்டைப் பாறைகள் ஒரு வரிசை. பாறைகளுக்கு இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் மிசிசிப்பி. அருகில் நிறுத்திய பெரிய மரத்தூணில், இங்கே கடல் மட்டத்திலிருந்து 1,475 அடி உயரத்தில் புறப்படும் ஆறு 2,552 மைல் ஓடி வளைகுடாவை அடைகிறது என்று செதுக்கியிருக்கிறார்கள். பிற்கால அளவீடுகள் நீளத்தைக் குறைத்துச் சொல்கின்றன. ஆற்றின் போக்கு மாறிக்கொண்டே இருப்பதால் நீளமும் மாறும். தூண் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி முதல் ஆளாக இறங்கிவிட்டாள். "தாத்தா, கால் ஜில்லுன்னு இருக்கு, நீங்களும் வாங்க!" பாறைகளில் பாசி. "ஏங்க, செருப்பைக் கழட்டாம இறங்குங்க, வழுக்கும்" என்று என் மனைவி எச்சரித்தார். பிறகு அவரே இறங்கி, இரு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். எந்த ஆறானாலும் பிறக்கிற இடத்தில் அதைத்தானே செய்வோம். அவர் விரல் இடுக்கில் வழிந்த தண்ணீர் வளைகுடா போய்ச் சேர ஏறக்குறைய 90 நாள் ஆகுமாம். ஆறும் அவசரப்படுவதில்லை. கடல் இருப்பது தெற்கே. இது முதலில் வடக்கே போய், பெமிஜி ஊரைத் தொட்டு, கிழக்கே வளைந்து, பிறகுதான் தெற்கே திரும்புகிறது.

அந்தப் பாறை வரிசை இயற்கையானது அல்ல. 1930-கள் வரை இந்த இடம் நாணல் மண்டிய சேறு. வந்தவர்களுக்கு ஆறு எங்கே தொடங்குகிறது என்று காட்டக்கூட முடியாது. அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்த காலம் அது. வேலையில்லா இளைஞர்களுக்காக அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-ல் தொடங்கிய 'சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்' என்ற படையின் ஆட்கள் இங்கே முகாமிட்டார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். சேற்றைத் தூர்த்து, கரையை உயர்த்தி, ஆற்றுக்கு ஒழுங்கான வாய் அமைத்து, கல் அடுக்கியது அந்தக் காலத்துத் திட்டம்தான். பூங்காவில் இன்றும் நிற்கும் மரக்கட்டைக் கட்டடங்கள் பலவும் அந்தப் படையினர் கட்டியவை. பேரக்குழந்தைகள் தாவி விளையாடும் பாறைக்கு அடியில் ஒரு தலைமுறையின் வேலையின்மை இருக்கிறது.

யார் காட்டிய ஏரி?

மிசிசிப்பியின் தலைப்பைத் தேடி வெள்ளையர்கள் நெடுங்காலம் அலைந்தார்கள். 1832 ஜூலை 13 அன்று ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் இங்கே வந்து சேர்ந்தார். வரலாற்றில் கண்டுபிடித்தவர் பெயர் அவருடையது. அழைத்து வந்தவர் ஒஜிப்வே பழங்குடித் தலைவர் ஓசாவின்டிப். அவருடைய மக்கள் எல்க் மானின் பெயரால் இந்த ஏரியை அழைத்து, இதன் கரைகளில் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு இது தொலைந்துபோன இடமே அல்ல. பூங்காவுக்குள் பல நூறு ஆண்டுப் பழமையான புதைமேடுகள் உள்ளன. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டைக்காரர்கள் காட்டெருமைகளை மடக்கி வீழ்த்திய இடம் ஒன்றும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது.

1855-ல் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பகுதி ஒஜிப்வே மக்களின் கையைவிட்டு அமெரிக்க அரசிடம் போனது. போன கையோடு மரக் கம்பெனிகளின் கண் இங்கே விழுந்தது. பொதுப் பூங்கா என்று நாம் கொண்டாடும் நிலத்துக்கு இப்படியும் ஒரு முன்கதை உண்டு. மாநிலம் பாதுகாத்தது கம்பெனிகளிடமிருந்து. மாநிலத்துக்கு அது வந்தது பழங்குடிகளிடமிருந்து. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஒரு ஓட்டு, ஒரு மனிதர், ஒரு பெண்

1881-ல் வில்லார்டு கிளேசியர் என்பவர், உண்மையான தலைப்பு இடாஸ்கா அல்ல, அதற்குத் தெற்கே உள்ள எல்க் ஏரிதான் என்று கிளப்பிவிட்டு, அந்த ஏரிக்குத் தன் பெயரையே சூட்டினார். சர்ச்சையைத் தீர்க்க மின்னசோட்டா வரலாற்றுக் கழகம் ஜேக்கப் பிரவர் என்ற நில அளவையாளரை அனுப்பியது. 1889-ல் வந்து காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்து அளந்த அவர், தலைப்பு இடாஸ்காதான் என்று தீர்மானித்தார். அதைவிட முக்கியமாக இன்னொன்றைக் கண்டார். அளக்க வந்த காடே வெட்டுப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. நூறடிக்கு மேல் உயர்ந்த சிவப்புப் பைன்களும் வெள்ளைப் பைன்களும் கட்டை கட்டையாக ஆற்றில் மிதந்து போயின.

பிரவர் ஊர் திரும்பி, சட்டமன்றத்தின் கதவைத் தட்டத் தொடங்கினார். 1891 ஏப்ரல் 20 அன்று பூங்காச் சட்டம் நிறைவேறியது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில். அன்று ஒருவர் மனம் மாறியிருந்தால், உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்திருந்தால், இந்த ஏரிக்கரை இன்று யாருடைய வேலிக்குள் இருந்திருக்குமோ.

சட்டம் வந்ததே தவிர நிலம் வரவில்லை. அதில் பெரும்பகுதி ரயில் கம்பெனியிடமும் மரக் கம்பெனிகளிடமும் இருந்தது. வாங்குவதற்குப் போதிய பணத்தை மாநிலம் ஒதுக்கவில்லை. பூங்காவின் முதல் ஆணையரான பிரவர், துண்டு துண்டாக நிலம் சேர்ப்பதற்காகவே போராட வேண்டியிருந்தது.

பிரவருக்குப் பின் வந்த ஆணையர்களில் ஒருவர் 1903-ல் இறந்துபோக, அந்தப் பொறுப்பை அவருடைய மகள் மேரி கிப்ஸ் ஏற்றார். வயது 24. வட அமெரிக்காவிலேயே இப்படி ஒரு பூங்காவின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர் என்கிறார்கள். வெட்டிய மரங்களை மிதக்கவிட மரக் கம்பெனி ஆற்றில் அணை போட்டிருந்தது. அதனால் ஏரி நீர்மட்டம் ஏறி, கரையோர மரங்கள் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தன. மதகைத் திறக்கச் சொல்லி நேரிலேயே போனார் மேரி. அங்கே துப்பாக்கியோடு நின்ற ஆள், மதகில் வைக்கும் கையைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்ட, அவர் பின்வாங்காமல் கையை வைத்ததாகப் பூங்காவின் வரலாறு சொல்கிறது. ஆறு தொடங்கும் இடத்தில் உள்ள பார்வையாளர் மையத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

இத்தனைக்குப் பிறகும் பூங்காவுக்குள் மரம் வெட்டுவது முற்றாக நிற்க 1920-ஐ ஒட்டிய காலம் ஆனது. தப்பித்த மரங்களைப் பார்க்க வேண்டுமானால் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள 'பிரீச்சர்ஸ் குரோவ்' என்ற தோப்புக்குப் போக வேண்டும். 250 ஆண்டுகளைத் தாண்டிய சிவப்புப் பைன்கள் நிற்கின்றன. நானும் பேத்தியும் கை கோத்து ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தோம். எட்டவில்லை, அவள் அம்மாவும் சேர வேண்டியிருந்தது.

கூடாரத்தில் ஓர் இரவு

இடாஸ்காவில் முகாமிட 200-க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மர மேசை, விறகு எரிக்க இரும்பு வளையம். பொதுக் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, குளிக்க வெந்நீர் வருகிறது. தரையில் படுக்க முடியாத வயதானவர்களுக்கு கேபின்களும், 1905-ல் கட்டிய டக்ளஸ் லாட்ஜில் அறைகளும் உள்ளன.

இந்த வடகோடியில் ஜூன் மாதம் ஒன்பது மணி தாண்டித்தான் பொழுது சாய்கிறது. அதுவரை பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்தடுத்த கூடாரங்களில் பல ஊர் முகங்கள். மின்னசோட்டாவில் சோமாலியர்களும் ஹ்மாங் மக்களும் கணிசமாகக் குடியேறியிருக்கிறார்கள். ஏரிக்கரையில் ஒரு ஹ்மாங் தாத்தா பேரனுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முக்காடிட்ட சோமாலியப் பெண்கள் பெரிய பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் மேசையில் புளியோதரை. நெருப்பில் சோளக்கதிரைச் சுட்டு, எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த்தூளும் தேய்த்தோம். பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் மார்ஷ்மெல்லோவைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பண்டமாற்று தானாகவே நடந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் பாட்டு, சத்தம் கூடாது. பூங்காவில் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. மிச்சச் சாப்பாட்டை வெளியே வைக்கக் கூடாது, கருங்கரடி வரும். எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். இத்தனை 'கூடாது'களையும் யாரும் விரட்டாமலே மக்கள் கடைப்பிடிக்கிறார்கள். ரேஞ்சர் ஒருவர் ஒரு முறை வண்டியில் சுற்றி வந்தார், கையசைத்தார், போய்விட்டார்.

விளக்கெல்லாம் அணைந்த பிறகு ஏரியிலிருந்து நீண்ட ஊளை மாதிரி ஒரு குரல். "அம்மா, பயப்படாதீங்க, அது லூன்" என்றாள் மகள். மின்னசோட்டாவின் மாநிலப் பறவை. கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட முதுகு, கோடையில் சிவந்த கண், குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும் பழக்கம். மறுநாள் காலை அப்படியே ஒரு ஜோடியைப் பார்த்தோம். உண்மையான மாநிலப் பறவை கொசுதான் என்று உள்ளூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அதையும் பார்த்தோம், அது எங்களை அதிகமாகப் பார்த்தது.

யார் கொடுக்கிறார்கள் பணம்?

வாசல் கட்டணத்தில் இவ்வளவு பெரிய காட்டைப் பராமரிக்க முடியுமா? முடியாது. விடை 2008-ல் இருக்கிறது. அந்த நவம்பரில், பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், மின்னசோட்டா வாக்காளர்கள் தங்கள் விற்பனை வரியைத் தாங்களே 3/8 சதவீதம் உயர்த்திக்கொண்டார்கள். அதற்காக மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். தூய நீர், வனவிலங்கு வாழிடம், கலை, பூங்கா ஆகியவற்றுக்கு மட்டுமே செலவாக வேண்டிய பணம் அது. அதில் 14.25 சதவீதம் பூங்காக்களுக்கும் பாதைகளுக்கும். 2034 வரை இந்த ஏற்பாடு ஓடும். 1891-ல் சட்டமன்றத்தில் ஒரு ஓட்டில் தப்பிய காரியத்தை, 117 ஆண்டுகள் கழித்து மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு உறுதி செய்தார்கள்.

அந்தப் பணமும் உழைப்பும் எங்கே போகின்றன என்பதற்குக் காட்டிலேயே அடையாளங்கள் தெரிகின்றன. இளம் வெள்ளைப் பைன் கன்றுகளின் உச்சிக் குருத்தில் சின்னத் தாள் துண்டு மடித்துக் குத்தியிருக்கும். குளிர்காலத்தில் மான்கள் குருத்தைக் கடித்துவிடாமல் இருக்க ஒவ்வொரு கன்றுக்கும் கையால் போடும் காப்பு அது. சிவப்புப் பைன் விதை முளைக்க வெறும் மண்ணும் வெயிலும் வேண்டும். பழைய காலத்தில் காட்டுத்தீ அந்த வேலையைச் செய்தது. தீயை அடக்கி அடக்கி வைத்ததில் புதுக் கன்றுகள் குறைந்துபோயின. இப்போது திட்டமிட்டு, காற்றும் ஈரமும் பார்த்து, பகுதி பகுதியாகப் பூங்கா ஊழியர்களே தீ வைக்கிறார்கள். காட்டைச் சும்மா விட்டுவிடுவதும் காப்பாற்றுவதும் ஒன்றல்ல.

போகிறவர்கள் கவனத்துக்கு

முகாம் இடமும் கேபினும் 120 நாட்களுக்கு முன்பே ஆன்லைனில் பதிவுக்குத் திறக்கும். ஜூலை வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கூட்டம் பிடிக்காதவர்கள் செப்டம்பர் கடைசியில் போகலாம். கொசு குறைந்திருக்கும், இலைகள் நிறம் மாறியிருக்கும்.

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டு விறகில் ஒளிந்து பரவுகிறது. அனுமதி பெற்ற விறகை அங்கேயே வாங்க வேண்டும்.

முழுக்கை, முழுக்கால் உடை அவசியம். மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரக்கூடும். காட்டு நடை முடிந்ததும் பிள்ளைகளின் காதோரம், கழுத்து, முழங்கால் மடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக வளரும் 'பாய்சன் ஐவி' செடியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும்.

நீச்சல் துறையில் உயிர்காப்பாளர் கிடையாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு. மீன் பிடிக்க விரும்பும் பெரியவர்கள் உரிமம் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும். மின்னசோட்டாவில் வசிக்கும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரிமம் தேவையில்லை.

நடக்க முடியாதவர்களும் பெரும்பகுதியைக் காரிலேயே பார்க்கலாம். 'வில்டர்னஸ் டிரைவ்' என்ற 10 மைல் ஒருவழிச் சாலை காட்டின் நடுவே சுற்றி வருகிறது. அதிலிருந்து கொஞ்சம் நடந்து ஏறினால் நூறடித் தீக்கண்காணிப்புக் கோபுரம் வரும். ஏற முடிந்தவர்கள் ஏறலாம்.

ஏரிக்கரை கடைகளில் 'வைல்ட் ரைஸ்' பொட்டலம் கிடைக்கும். நீளமான கறுப்பு மணி. ஒஜிப்வே மக்களுக்குப் புனிதமான உணவு. படகில் போய்க் கதிரைத் தட்டி அறுவடை செய்வது அவர்கள் முறை. நம் அரிசியைவிட அதிக நேரம் வேக வேண்டும். அதற்கு எலுமிச்சைத் தாளிப்பு நன்றாகவே பொருந்துகிறது.

அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் இப்படிப் பூங்காக்கள் இருக்கின்றன. உங்கள் பிள்ளை இருக்கும் ஊரிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு ஏரிக்கரையாவது அகப்படும். இந்தக் கோடைக்கு விசா கையில் இருப்பவர்கள் நயாகராவுக்குத் தாராளமாக டிக்கெட் போடுங்கள். கூடவே, அருகில் உள்ள மாநிலப் பூங்காவில் ஓர் இரவுக்கு இடம் பிடிக்கும்படி மகனிடமோ மகளிடமோ இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த நாட்டின் கட்டடங்களை எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். அந்த மக்கள் எதைப் பொதுவில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.